படுத்துக்கொண்டே ஒரு வேலை

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஏழாம் நம்பர் கட்டிலில் படுத்துக்கொண்டான்.

எட்டுப் பேருக்கு இன்று பரீட்சை. கேள்வித்தாள் அவன்தான்.

மூன்று வருடமாக இதுதான் வேலை. டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் வந்து அவன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்பார்கள். என்ன நோய் என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். அவன் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் வேலை போயிற்று.

நோயின் பேரைச் சொல்லச் சொல்லி ஒருத்தன் காலைத் தொட்டுக் கும்பிட்டிருக்கிறான். ஒருத்தி அழுதிருக்கிறாள்.

அவன் சொன்னதில்லை.

இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறது. அந்த இடத்தைத் தாண்டும்போது ரத்தம் சத்தம் போடுகிறது. சுற்றுவட்டாரத்து நாலு கல்லூரியிலும் இவ்வளவு சுத்தமான சத்தம் எவனுக்கும் கிடையாது என்று பெரிய டாக்டரே சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டபோது அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்கு முன்னால் கீழமாரட் வீதி மண்டியில் வெங்காய மூட்டை தூக்கினான். ஒருநாள் லாரிக்கும் கடைக்கும் நடுவில் மூச்சு வாங்கி உட்கார்ந்தவன்தான். அங்கே இரண்டு நாள் முதுகொடிந்தால் கிடைத்தது இங்கே ஒரு நாள் மல்லாந்தால் கிடைக்கிறது. மதியச் சாப்பாடு வேறு.

"அவனவன் ஓடி ஓடிச் சம்பாதிக்கிறான். எங்க வீட்டு மனுசன் படுத்துக்கிட்டே சம்பாதிக்கிறாரு" என்று அவன் மனைவி பொன்னுத்தாய் தெருக்குழாயடியில் சொல்லிச் சிரிப்பாள்.

காலையில் பெரிய டாக்டர் வந்திருந்தார்.

"வியாழக்கிழமை ஆபரேஷன். காப்பீட்டுல எல்லாம் சரியாயிருச்சு. ரெண்டு தடவை தள்ளிப்போட்டீங்க. இனிமே தள்ளுனா உசுருக்கு ஆபத்து. வால்வை மாத்திட்டா நீங்க பழையபடி வேலைக்குப் போகலாம்."

பழையபடி.

அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவன் பயந்தான். கத்திக்குப் பயமில்லை. நோய் போனால் சத்தம் போகும். சத்தம் போனால் கட்டில் போகும். அப்புறம் மறுபடியும் மூட்டைதான்.

முதல் தடவை ஊர்த் திருவிழா என்றான். இரண்டாம் தடவை மச்சினன் கல்யாணம் என்றான். மூன்றாவதாக ஒரு பொய்யும் வாயில் வரவில்லை. மாடிப்படி ஏறினால் இப்போதெல்லாம் கண் இருட்டுகிறது.

சாகவும் மனமில்லை. சுமக்கவும் மனமில்லை.

திரையை விலக்கிக்கொண்டு முதல் மாணவி வந்தாள். கோட்டில் ஜெனிட்டா என்று எழுதியிருந்தது.

குழாயின் வட்டத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிய பிறகே அவன் நெஞ்சில் வைத்தாள். இப்படிச் செய்கிற பிள்ளைகள் தேறிவிடுவார்கள் என்று அவனுக்கு ஒரு கணிப்பு உண்டு. இடதுபக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் திரும்பிவிட்டான். தொழில் அல்லவா.

வெகுநேரம் கேட்டாள். முகம் மலர்ந்தது. எழுதி முடித்துத் தாளை மூடினாள்.

பரீட்சை டாக்டர்கள் வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

அவன் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வருடத்தில் நூற்றுக்கணக்கான காதுகள். அவன் காதில் மட்டும் யாரும் மாட்டியதில்லை.

அப்படி என்னதான் இருக்கிறது உள்ளே?

"டாக்டரம்மா, நான் ஒரு தடவ கேட்டுப் பாக்கவா?"

அவள் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குழாயை அவன் காதில் மாட்டினாள்.

முதலில் ஒன்றுமில்லை.

பிறகு இரண்டு தட்டல். அதன் பின்னால் ஓர் உருட்டல், அடுத்த தெருவில் பாரவண்டி போகிற மாதிரி. மறுபடியும் தட்டல். மறுபடியும் உருட்டல்.

இதுவா இத்தனை நாளாக வீட்டுக்கு அரிசி வாங்கியது?

அவனுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

"ஒங்களுது எப்பிடி இருக்கும்?"

அவள் சிரித்துக்கொண்டே வட்டத்தைத் தன் கோட்டின் மேல் வைத்துக்கொண்டாள்.

லப். டப். லப். டப்.

அவ்வளவுதான். அவனுக்குப் பாவமாக இருந்தது. இதை வைத்துக்கொண்டு ஒரு வேளைச் சோறு தின்ன முடியாது.

"ஆபரேஷன் பண்ணிட்டா என் சத்தம் போயிருமா?"

"இந்தச் சத்தம் போயிரும்ணே. வேற வால்வு வப்பாங்க. அதுல ரெண்டு வகை இருக்கு. மாட்டுச் சவ்வுல செஞ்சதுன்னா சத்தமே வராது. இரும்புன்னா டிக்கு டிக்குன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். எங்க சீனியருக்குப் போன வருஷம் பரீட்சையில அதான் கேள்வியா வச்சாங்க."

அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"அதையுமா வப்பாங்க?"

"தேடிப் புடிச்சுக் கூட்டிட்டு வருவாங்கண்ணே. அந்த மாதிரி ஆளு கெடைக்கிறதே கஷ்டம்."

மணி அடித்தது. பெரிய டாக்டர் இன்னும் இரண்டு பேரோடு உள்ளே வந்தார். ஜெனிட்டா எழுந்து நின்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னாள். திக்கவில்லை. பெரிய டாக்டர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார்.

"சார்."

"என்ன, மறுபடியும் தள்ளிப்போடணுமா?"

"இல்ல சார். வியாழக்கிழமை வந்துர்றேன்."

அவருக்கே ஆச்சரியம். நின்றார்.

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நல்லாச் சத்தம் போடுறதாப் பாத்து வைங்க, சார்."