கட்டிலுக்கடியில் ஒரு சுரங்கம்

“இந்தக் கட்டிலுக்கடியிலதான் சுரங்கம் தோண்டுனாங்க. அதோ அந்தக் கரண்டியால, ஒரு வருஷமா!” என்று கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார் கைடு.

போர்க்காலத்தில் சிறையாக இருந்த கோட்டை அது. பழவேற்காட்டு மகளிர் குழுவோடு சுற்றிப் பார்க்க வந்திருந்த மோகனா, அண்ணியின் கையைக் கிள்ளினாள்.

“நம்மள மாதிரியே அண்ணி!”

“மெதுவா பேசுடி. உங்க நைனா காதுல வுழுந்தா என்னைத்தான் வெட்டுவாரு.”

காதல் தெரிந்ததும் அப்பா அவளுடைய செல்போனைப் பிடுங்கி வைத்து ஒரு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து ஆரம்பாக்கத்து ஜெரோமுக்கும் அவளுக்கும் தூது, அந்தப் பக்கம் மீன் விற்கப் போகும் அண்ணிதான். முதலில், “வாடைக்காத்து அடங்கட்டும்” என்று சொல்லியனுப்பினான். பிறகு, “ஈஸ்டர் போகட்டும்.” இப்போது, “மீன்பிடி தடைக்காலம் முடியட்டும், படகோட வந்து கூட்டினு போறேன்.”

“தப்பிச்சாங்களா சார்?” என்று ஆசையாகக் கேட்டாள் மோகனா.

“எங்கம்மா! காவல்காரங்களுக்கு மொத நாளே தெரியும். தோண்டிட்டு இருக்கிறவன் வேற வழி தேடமாட்டான்னு, தெரியாத மாதிரியே விட்டு வெச்சிருந்தாங்க.”

குழுவே சிரித்தது. எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவள் அண்ணி.

“எங்க மாமனாரும் இதையேதான் சொன்னாரு!” என்றவள், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்ப, ஜெரோம் சொன்னான்னு நீ வந்து சொன்னதெல்லாம் இன்னா அண்ணி?”

அண்ணி கைடின் பக்கம் திரும்பி, “அந்தக் கரண்டி இரும்பா சார்?” என்று கேட்டாள்.