விழத் தெரிந்தவள்

குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்த ஜெசிந்தா, 'ஜூடோ, மாநில அளவில் வெள்ளிப் பதக்கம்' என்ற வரியில் வந்து நின்றுவிட்டாள். எழுதினால், சண்டை பழகியவள் என்று ஒதுக்கிவிடுவார்கள். எழுதாமல் மறைத்தால், உடம்பு பழகிய வித்தைகளை நேர்காணலில் சோதிக்கும் கருவி காட்டிக்கொடுத்துவிடும். இந்த ஒரு வரியால் அவளுக்கு ஏற்கெனவே பல வேலைகள் கைநழுவிப் போயிருந்தன.

கடைசியில் மருத்துவமனைக்குப் போய், அந்த வித்தையை உடம்பிலிருந்தே அழித்துக்கொண்டு வந்தாள். வலிக்கவே இல்லை. வேலையும் கிடைத்தது.

செய்தி கேட்டு ஓடிவந்த தங்கை மெர்லின், இருவரும் ஒன்றாக ஜூடோ பழகிய நாளிலிருந்து செய்வதுபோல, அக்காவின் சட்டையைப் பிடித்து இடுப்பில் ஏற்றிப் புரட்டிப் போட்டாள். எப்போதும் ஜெசிந்தா தரையில் கையைத் தட்டி, உருண்டு எழுந்து சிரிப்பாள். இந்த முறை மூட்டைபோல விழுந்தாள். தோள் எலும்பு முறிந்த சத்தம் இருவருக்குமே கேட்டது.

"யக்கா! ஏன்க்கா கையத் தட்டல? உனக்கு விழத் தெரியுமே!"

"இப்பத் தெரியாதுடி. வேலைக்காக அழிச்சிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே..."

"சொல்லிருந்தா நீ விட்ருக்க மாட்ட."

ஆம்புலன்ஸ் வரும்வரை அக்காவின் தலையை மடியில் தாங்கியபடி மெர்லின் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கை சரியானதும் நான் முதல்லருந்து சொல்லித் தரேன்க்கா," என்றாள்.

சரி என்று சொல்லத்தான் ஜெசிந்தா வாயெடுத்தாள்.

"வேண்டாம்டி," என்றாள். "காப்பகத்துல மாசாமாசம் சோதிப்பாங்க."