ஐந்துக்கு ஐந்து

தாய்ப்பாசத்தை அளக்க இருபது கேள்விகள் கொண்ட ஒரு சோதனையைத் தயாரித்த ஆராய்ச்சி மாணவன், முதல் பலியாகத் தன் அம்மாவையே பிடித்தான். ஆராய்ச்சி ஒரு சாக்கு. அம்மாவுக்குத் தன் மேல் எவ்வளவு பாசம் என்பது சின்ன வயதிலிருந்தே அவனுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

கேள்வியில் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்பது விதி. எழுதியதை எழுதியபடியே வாசித்தான்.

"ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள மார்க் சொல்லும்மா. 'மகனின் குரலைக் கேட்டால் மனம் குளிர்கிறதா?'"

"அஞ்சு," என்றாள் அம்மா, துவைத்த துணிகளை மடித்தபடி.

"'அவன் சாப்பிட்டானோ என்று கவலைப்படுவீர்களா?'"

"இதெல்லாம் ஒரு கேள்வியாடா? அஞ்சு."

இருபதுக்கும் அஞ்சு. அடுத்த மாதமும் கேட்டான், இம்மி பிசகவில்லை. பேராசிரியர் ஃபோனில் குதித்தார். "எப்பக் கேட்டாலும் ஒரே பதில்! இதுதான்யா நம்பகத்தன்மை. ஆனா, நீ அளக்க நெனச்சதைத்தான் அளக்குதான்னும் பாத்துடு."

அவன் அதைப் பார்க்கவில்லை. நேராக அம்மாவிடம் போய் அழுதுவிட்டான்.

"என் மேல இவ்ளோ பாசமாம்மா உனக்கு?"

அம்மாவின் கையிலிருந்த சட்டை பாதி மடிப்பில் நின்றது.

"அட, உன்னைப் பத்தியா கேட்ட? நான் வெளியூர்ல இருக்கிற உன் தம்பிய நெனச்சில்ல சொன்னேன்!"

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தான்.

"பரவால்லம்மா. இப்ப என்னை நெனச்சு சொல்லு. முதல் கேள்வி."

அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள்.

"ஏண்டா, மார்க்கு ஒண்ணுலேர்ந்துதான் ஆரம்பிக்கணுமா?"