எலும்பு பொய் சொல்லாது

"உங்க மாமியாருக்கு வீட்டுல என்னதான் சாப்பிடக் கொடுக்கறீங்க?"

பல் டாக்டர் கேட்ட தோரணையில் மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எல்லாந்தான் டாக்டர். நீங்க சொன்ன மாதிரியே வறுத்த வேர்க்கடலை, ஆப்பிள், மொறுமொறுன்னு ரொட்டி..."

டாக்டர் திரையில் இரண்டு எக்ஸ்ரே படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். போன வருஷம் மாமியாரின் தாடை எலும்பில் திருகிய நாலு இம்பிளான்ட் பற்கள். அப்போது திருகாணிகளைச் சுற்றி எலும்பு வெள்ளை வெளேரென்று இருந்தது. இப்போது அதே இடம் சாம்பல் பூத்திருந்தது.

"ஈறு சுத்தமா இருக்கு. சீழ் இல்ல, சர்க்கரை இல்ல. கடிச்சு மென்னாத்தாம்மா இந்த எலும்பு இறுகும். வேலை கொடுக்கலேன்னா கரைஞ்சு போயிடும். இவங்க மாசக்கணக்கா கூழைத்தான் முழுங்கிட்டிருக்காங்க. மனுஷங்க பொய் சொல்லலாம், எலும்பு பொய் சொல்லாது."

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். 'அவமேல தப்பு இல்ல டாக்டர்' என்று ஒரு வார்த்தை வராதா? மாமியார் வாயைத் துடைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"இப்படியே போனா ஆறு மாசத்துல திருகாணி ஆட ஆரம்பிச்சிடும். அப்புறம் கழட்டறதைத் தவிர வேற வழியில்ல."

செய்தி எப்படித்தான் பறந்ததோ, வீட்டுக்குள் நுழைவதற்குள் நாத்தனாரின் போன்.

"அண்ணி, எங்கம்மா என்ன கைக்குழந்தையா? கூழைக் கரைச்சு ஊத்தறீங்களாமே!"

கணவன் சமையலறைக்கு வந்து ஆப்பிள் கூடையை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அதுக்கு அவன் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

தினமும் மாமியாரும் மாமனாரும் இருக்கும் அறைக்கு இரண்டு தட்டு போகிறது. மாமியாருக்குக் கடித்துச் சாப்பிடுவதெல்லாம். ஒரு பல்கூட இல்லாத மாமனாருக்கு மசித்தது. இரண்டு தட்டும் வழித்துத் துடைத்த மாதிரி திரும்பி வருகின்றன.

அப்படியானால் கடலை எங்கே போகிறது?

குப்பைத் தொட்டியைக் கிளறினாள். ஜன்னலுக்குக் கீழே தேடினாள். மாமனார் திருட்டுத்தனமாகத் தின்கிறாரோ என்றுகூட யோசித்தாள். பொக்கை வாயால் எதைக் கடிப்பது?

மறுநாள்தான் அது கண்ணில் பட்டது. காலையில் நிரப்பி வைத்த வெந்நீர் பிளாஸ்க் மத்தியானத்துக்குள் காலி. அந்த அறையில் யாரும் வெந்நீர் குடிப்பதில்லை.

தட்டைக் கொடுத்துவிட்டு வந்தவள், ஐந்து நிமிஷம் கழித்துக் கதவைத் தள்ளினாள்.

மாமியார் ரொட்டியை வெந்நீரில் ஊறப்போட்டுவிட்டு, டம்ளரின் அடியால் கடலையை நசுக்கிக்கொண்டிருந்தார். ஆப்பிள் ஏற்கெனவே ஸ்பூனால் சுரண்டிக் குழம்பாகியிருந்தது.

"அத்தை!"

"உஷ்! உன் மாமா பால்கனியில இருக்கார்."

"என்ன அத்தை இது? ஊர்ப் பழியெல்லாம் என் தலையில..."

"தெரியும்மா, தப்புதான்." மாமியார் டம்ளரைக் கீழே வைத்தார். "அவர் ஈறை வச்சுக்கிட்டுத் திண்டாடறப்போ, பக்கத்துல உட்கார்ந்து நான் கடக்கு முடக்குன்னு கடிக்கறதா? அவருக்கும் பல் வச்சுக்கணும்னு ஆசைதான். எலும்புல பலமே இல்ல, திருகாணி நிக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்களாம். பாவம்."

மருமகளுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. மாடிப்படிக்குப் போய் டாக்டருக்குப் போன் செய்தாள்.

"டாக்டர், எங்க மாமனாரோட எலும்பைப் பலமாக்க ஏதாவது வழி இருக்கா?"

மறுமுனையில் ஃபைல் புரளும் சத்தம்.

"அவர் எலும்புக்கு என்ன? கருங்கல் மாதிரி இருக்கே! நாள் குறிச்சு, உட்கார வச்சு, ஊசியை எடுத்தேன். பாத்ரூம் போயிட்டு வரேன்னு போனவர்தாம்மா. போன வருஷம்."

மருமகள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பதா, அழுவதா? சொன்னால் மாமனார் மானம் கப்பலேறும். சொல்லாவிட்டால் மாமியார் பல் போகும். அரை மணி நேரம் யோசித்தும் பிடிபடவில்லை.

பால்கனிக்குப் போனாள். மாமனார் பேப்பருக்குப் பின்னால் இருந்தார்.

"மாமா, அத்தையோட பல் ஆறு மாசந்தான் தாங்குமாம். நீங்க கடிக்க முடியலேன்னு அவங்களும் எதையும் கடிக்கறதில்ல. எல்லாத்தையும் நசுக்கித்தான் சாப்பிடறாங்க."

பேப்பர் இறங்கவில்லை. பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"டாக்டர்கிட்ட பேசினியா?"

"பேசினேன் மாமா."

"என்னைப் பத்தி... ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லையே."

பேப்பர் மெல்ல மடிந்தது.

மறுநாள் காலை மாமனாரைக் காணோம். செருப்பும் இல்லை. மாமியார் வாசலுக்கும் அறைக்குமாக நடந்தார். பத்தரைக்கு டாக்டரிடமிருந்து போன் வந்தது.

"உங்க மாமனார் இங்கதான் இருக்கார். கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு ஊசியும் போட்டுக்கிட்டார். ஆனா ஒரு சிக்கல்."

"மயக்கமா டாக்டர்?"

"அதெல்லாம் இல்ல. அவர் எலும்பு முன்ன பலவீனமாத்தான் இருந்துதாம். மருமக ஒரு வருஷமா பார்த்துப் பார்த்துப் போட்ட சாப்பாட்டுலதான் கருங்கல் மாதிரி ஆச்சாம். அப்படின்னு உங்க மாமியாருக்கு நான் எழுதித் தரணுமாம். தந்தாத்தான் வாயைத் திறப்பேங்கறார். நான் என்னம்மா செய்யறது?"

மருமகள் வாசலில் தவித்துக்கொண்டிருந்த மாமியாரை ஒரு பார்வை பார்த்தாள்.

"எழுதிக் கொடுத்துடுங்க டாக்டர். ரெண்டா எழுதுங்க. ஒண்ணு எங்க நாத்தனாருக்கு அனுப்பணும்."