உடனே காணாமல் போகும் கற்கள்

கூழாங்கல்லில் படம் வரைந்து தெருவில் எங்காவது ஒளித்து வைக்க வேண்டும். கண்ணில் பட்டு, பிடித்தும் போனால் யாரும் எடுத்துக்கொள்ளலாம். அந்தக் குடியிருப்பில் இப்போது இதுதான் பைத்தியம். யாருடைய கல் அதிகம் எடுக்கப்படுகிறதோ, அவர்தான் குழுவுக்குத் தலைவி.

அண்ணிக்கும் நாத்தனாருக்கும்தான் போட்டி. பூங்கா பெஞ்சுக்கு அடியில் அண்ணி வைக்கும் கல் மறுநாளே போய்விடும். நாத்தனாரின் பூனைக் கல் மட்டும் நகராமல் கிடந்தது.

"உங்க தங்கச்சி பூனையை நாய்கூடச் சீண்டல" என்று கணவனிடம் சொல்லிச் சிரித்துவிட்டு, அண்ணி பெயிண்ட் கடைக்குப் போனாள்.

"என்னம்மா, கல்லு தீர்ந்துடுச்சா?" கடைக்காரர் வழவழப்பான கற்களை எடுத்து வைத்தார்.

"வெச்சா எங்கே நிக்குது? ரசிகருங்க கொத்திட்டுப் போயிடுறாங்க. இந்தத் தடவை வார்னிஷும் குடுங்க. என் நாத்தனார் மாதிரி நானும் அடிக்கப்போறேன். எடுத்துட்டுப் போறவங்க வீட்டுல காலத்துக்கும் அழியாம இருக்கட்டும்."

கடைக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஐயோ, வேணாம்மா! வார்னிஷ் அடிக்கிறதாலதான் அவங்க கல்லை யாரும் தொடுறதில்ல. உங்க கலைக்கு அதெல்லாம் எதுக்கு?"

அண்ணி பூரித்துப்போய்க் கற்களை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

கடைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி ஈரக் கையோடு எட்டிப்பார்த்தாள்.

"நல்லவேளை, தடுத்தீங்க. அந்தம்மா பெயிண்ட்தான் தண்ணியில போட்டதும் கழண்டு வருது. ஆனா அதே கல்லை அவங்ககிட்டயே விக்கிறீங்களே, கண்டுபிடிச்சுட்டா?"

"மூணாவது தடவையா வாங்கிட்டுப் போறாங்க. இன்னும் கண்டுபிடிக்கலையே!"