ஐந்தாவது குடும்பம்

“இந்த வீட்ல எத்தனை குடும்பம்மா?” மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் கேட்டார்.

“அஞ்சு சார்” என்றாள் வீட்டுக்காரம்மா.

அவர் நான்கு அறைகளிலும் புகுந்து எண்ணினார். மறுபடி எண்ணினார். நான்கு குடும்பம்தான் தேறியது. படிவத்தில் நான்கு என்று எழுதினார்.

“அஞ்சாவது எங்கம்மா?”

“மாடிப்படிக்குக் கீழ தடுப்பு வச்சு ஒரு ரூம் போட்டிருக்கேன். வாடகை ஏறுற ஏத்தத்துக்கு இதாவது கிடைச்சுதேன்னு காலையிலதான் ஒரு பொண்ணு அட்வான்ஸ் குடுத்துட்டுப் போச்சு.”

“குனிஞ்சே குடும்பம் நடத்தணுமே! எந்தச் சோணகிரி புருஷன் இதுக்குச் சம்மதிச்சான்?”

“அவர்கிட்ட இனிமேதான் சொல்லணும்னு சொல்லுச்சு.”

அவருடைய செல்போன் அடித்தது. மனைவி.

“ஏங்க, ஒருவழியா வீடு பிடிச்சுட்டேன்! உள்ள வரும்போது மட்டும் கொஞ்சம் குனிஞ்சு வரணும், பரவாயில்லையா?”

அவர் நான்கை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினார்.