நிறுத்தக் கூடாத இடம்

தெருமுனையிலேயே அமரர் ஊர்தியை நிறுத்தி, அருளப்பன் இயந்திரத்தை அணைத்தான். இறந்தவர் நகராட்சி ஆய்வாளர் தணிகாசலத்தின் தந்தை. அவர்கள் வீடு தெருவின் நடுவில் இருந்தது. அதன் வாசலில் 'வண்டிகளை நிறுத்தக் கூடாது' என்ற பலகையை நட்டவர் ஆய்வாளரே. சென்ற மாதம் பக்கத்து வீட்டுக் கைம்பெண்ணின் மகனது உடலை ஏற்றிச்செல்ல அருளப்பன் அங்கே நின்றபோது, அவர்தான் அபராதச் சீட்டைக் கண்ணாடியில் ஒட்டி வண்டியையும் விரட்டினார். அன்று பிணத்தைத் தூக்கியவர்கள் வெயிலில் தெருமுனைவரை நடந்தார்கள். தாய் பின்னால் விழுந்தெழுந்து வந்தாள். அபராதத்தை அருளப்பன் மறுபேச்சின்றிக் கட்டினான்.

இப்போது ஈர வேட்டியும் புகையும் கொள்ளிச்சட்டியுமாகத் தணிகாசலம் ஓடிவந்தார்.

"என்னண்ணே, இங்கயே நின்னுட்டீங்க? வாசலுக்கு வாங்க. அப்பா கனத்த உடம்பு."

"பலகை இருக்கே சார்."

"அதான் நானே சொல்றேனே!"

"அன்னைக்கு நான் சொன்னப்ப, 'பொணத்துக்குத் தனிச் சட்டமாய்யா'ன்னு கேட்டீங்க. பலகை நிக்கிற வரைக்கும் வண்டி வராது சார்."

அவர் திரும்பி ஓடினார். கொள்ளிச்சட்டியைத் தரையில் வைக்கக் கூடாது. பிறர் கையில் கொடுக்கவும் கூடாது. ஆகவே ஒரு கையில் நெருப்பை ஏந்தியபடியே மறு கையால் பலகையின் கம்பத்தை உலுக்கினார். உறவினர்களும் சேர்ந்து இழுத்தார்கள். அது அசையவில்லை. அடியில் சிமெண்டுக் கலவையைக் கொட்டச் சொன்னவரும் அவரே.

அருளப்பன் இருக்கைக்கு அடியில் கையை விட்டு, அங்கே எப்போதும் கிடக்கும் கடப்பாரையை ஒருமுறை தடவிப் பார்த்தான். பிறகு வெறுங்கையை வெளியே எடுத்து ஸ்டீயரிங்கின் மேல் வைத்துக்கொண்டான்.